மாலையில் வீடு, நள்ளிரவில் அவசரப் பிரிவு: ஒரு டே கேர் ஹெர்னியா அறுவையின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 63. பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வலது தொடை இடுக்கில் ஒன்றரை ஆண்டாக ஒரு வீக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். அரிசி மூட்டை இறக்கும்போது சுருக்கென்று வலிக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரைப் பார்க்க வந்தார். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. காலையில் வந்து, வலை வைத்துத் தைத்துக்கொண்டு, மாலையே வீடு திரும்பும் டே கேர் முறையில் அறுவை செய்வதாக முடிவாயிற்று. அறுவை எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. அன்று நள்ளிரவே சிறுநீர் அடைத்துக்கொண்டு, நிமிர முடியாமல், மகனின் தோளைப் பிடித்தபடி அவசரப் பிரிவுக்குத் திரும்பி வந்தார்.

இடம், கீழ்ப்பாக்கம் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. நான் அங்கே மயக்க மருத்துவர். அன்றைய அரங்கில் நான் இல்லை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் இந்த நிகழ்வை எடுத்து வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நோயாளி, மகன், மருமகள் மூவரிடமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி, "முதுகில் போட்ட ஊசி மருந்தின் அளவு கூடிவிட்டதா?" என்பது. மருத்துவர்களுக்கு எதையும் மருந்துக் கணக்காகப் பார்க்கத்தான் பிடிக்கும். என் பார்வை வேறு. டே கேர் அறுவையில் நோயாளியின் வார்டு அவருடைய வீடு. அந்த வார்டில் கழிவறை எங்கே இருக்கிறது, இரவுப் பணியில் இருப்பது யார், அவரிடம் நோயாளி எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலேயே மாலை 6 மணிக்கு அனுப்பிவைக்கிறோம். இந்த நிகழ்வில் தவறிப்போன ஒவ்வொன்றும் அங்கேதான் போய் முடிகிறது.

இது புதிய ஞானமும் அல்ல. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளுக்கு வெளிநோயாளிகளாகவே 8,988 அறுவைகள் செய்த அனுபவத்தை 1909-இல் வெளியிட்டார். தாயின் மடியைவிட நல்ல படுக்கை வார்டில் இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை. செவிலியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு நாம் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மருமகள் முன்னால் கேட்ட கேள்வி

கடையை விட்டு மகன் வர முடியாததால் முன் பரிசோதனைக்கு மருமகள்தான் கூட வந்தார். நன்றாகப் படித்த பெண். கோப்பு, பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் அவர் கையில் ஒழுங்காக இருந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7.4 சதவீதம். ரத்த அழுத்தம் கட்டுக்குள். மாத்திரைகள் மூன்று: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டபாக்லிஃப்ளோசின்; ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன்.

டபாக்லிஃப்ளோசின் விஷயத்தில் எங்கள் மருத்துவர் சரியாகவே செயல்பட்டார். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இந்த வகை மாத்திரையை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே உடலில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடக்கூடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவோம், நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு சென்னையில் இந்த மாத்திரை இல்லாத சர்க்கரை நோயாளியின் மருந்துப் பெட்டியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஆகவே அறுவைக்குப் போகும் சர்க்கரை நோயாளிகள், "என் மாத்திரையில் இது இருக்கிறதா?" என்று அவர்களாகவே கேட்டுவிடுவது நல்லது. கூட்டு மாத்திரையாக வேறு பெயரில் ஒளிந்திருக்கவும் கூடும். மற்ற இரண்டையும் அறுவையன்று காலை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள், அதுவும் சரி.

பிறகு படிவத்தில் அந்த வரி வந்தது. சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா?

"அதெல்லாம் ஒன்றும் இல்லை சார்."

மருமகள் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வேறு என்ன பதில் வரும் என்று எதிர்பார்த்தோம்? இரவில் மூன்று முறை எழுந்திருப்பதையும், வேகம் குறைந்து சொட்டுச் சொட்டாக முடிவதையும், முடித்துவிட்டு வந்தும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுவதையும் அவர் இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாசலில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பதற்கான பாடப்புத்தக அறிகுறிகள் அவை. நள்ளிரவுக்குப் பின், மகனை மட்டும் வைத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவர் கேட்டபோது எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னார். படிவத்தில் "இல்லை" என்று டிக் அடித்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்ட கேள்விக்கு வந்த பதிலைத்தான் அவர் எழுதினார். மருமகளை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லும் வழக்கம்தான் அங்கே இல்லை.

பட்டினியில் தொடங்கிய சங்கிலி

அறுவைக்கு முதல் நாள் மாலை முன்பதிவு மேசையிலிருந்து தொலைபேசி போயிற்று: "இரவு 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது." அவர் முறை காலை 11 மணிக்கு. நாள் முழுதும் கடையில் நின்று பேசுகிற, அடிக்கடி காபி குடிக்கிற மனிதர் 11 மணி நேரம் தொண்டை வறண்டு கிடந்தார்.

விதி அப்படி இல்லை. இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். எண்ணெயில் பொரித்தது, இறைச்சி என்றால் 8 மணி நேரம் அல்லது அதற்கும் கூடுதலாக. தண்ணீர், பால் சேர்க்காத சுக்கு காபி போன்ற தெளிந்த பானங்களை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் வயிற்றில் திரிந்து கட்டியாவதால் அது திட உணவுக் கணக்கு. நம் ஊர் ஃபில்டர் காபியும் அப்படியே. இரவில் ஒரு சாப்பாடு, காலை 8 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று அவர் வந்திருக்கலாம். "12 மணிக்கு மேல் எதுவும் இல்லை" என்பது சொல்வதற்கு எளிது, அதனால் சாகாமல் இருக்கிறது.

வறண்டு வந்தவருக்கு என்ன செய்வார்கள்? குளுக்கோஸ் பாட்டில் என்று மக்கள் சொல்லும் சலைன் திரவத்தை ஏற்றுவார்கள். 50 நிமிட அறுவைக்கு ஒன்றரை லிட்டர் ஏறியிருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கும்போது சிறுநீர்ப்பையும் மரத்துத்தான் இருக்கும். நிரம்புகிறது என்ற சேதி மூளைக்குப் போகாது; போனாலும் தசை சுருங்காது. ஊசியில் மரக்கவைக்கும் புபிவக்கெய்னோடு, ஃபென்டனில் என்ற வலி மருந்தும் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். வலி குறைய நல்ல கூட்டுதான், ஆனால் ஃபென்டனிலும் சிறுநீரைத் தடுக்கும். ஏற்கெனவே வாசலை நெருக்கும் புராஸ்டேட், நெடுநாள் சர்க்கரையால் மந்தமாகியிருக்கக்கூடிய நரம்பு, மேலே ஒன்றரை லிட்டர் திரவம். கூட்டத்தில் கேட்ட "மருந்தின் அளவு" இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே.

அந்த ஒரு டிக்

மூன்று மணிக்குக் கால்கள் அசைந்தன. நாலு மணிக்கு இட்லியும் டீயும். நாலே முக்காலுக்குச் செவிலியர் கைத்தாங்கலாக நடக்கவைத்தார். தலைசுற்றல் இல்லை, குமட்டல் இல்லை, காயத்தின் கட்டில் ரத்தக் கசிவு இல்லை. மிச்சம் இருந்தது ஒரே கட்டம்.

"சிறுநீர் போனால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், ஐயா."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நோயாளியின் இடத்திலிருந்து கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, கடையில் மகன் தனியாக. அவர் கழிவறைக்குப் போனார், சில சொட்டுகள் வந்தன. வெளியே வந்து, "ஆயிற்றம்மா" என்றார். பொய்யும் சொல்லவில்லை. டிக் விழுந்தது. எவ்வளவு போனார் என்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை.

இதில் எரிச்சலூட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. அந்த டிக்குக்குப் பிறகும் அவர் ஒன்றரை மணி நேரம் வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருந்தார், காப்பீட்டு ஒப்புதலுக்காக. 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் காப்பீடு என்ற பழைய விதி டே கேர் அறுவைகளுக்குப் பொருந்தாது. டிஸ்சார்ஜ் கேட்ட 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் சுற்றறிக்கையும் விட்டிருக்கிறது. ஒப்புதல் அந்தக் கெடுவுக்குள் வந்தும்விட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை ஒரு நிமிடம் வைத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அவர் கையில் பில் மட்டும் இருந்தது.

வீடு

கீழே கடை, அதன் பின்னால் சரக்கு அறை, அதற்கும் பின்னால் கழிவறை. மாடியில் வீடு. நடுவே செங்குத்தான சிமென்ட் படிக்கட்டு. ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க இடமில்லை. வடசென்னையின் பழைய வீடுகளில் இது சாதாரண அமைப்பு. எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் இருந்த அறிவுரைகளில் ஒன்று, படி ஏறுவதைத் தவிர்க்கவும் என்பது. மருமகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். மாடிக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? ஒருமுறை தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். தையல் விட்டுப்போகும் என்று பயம். இறங்கக் கூடாது என்பதற்காகத் தண்ணீரும் குடிக்கவில்லை.

ஹெர்னியா அறுவைக்குப் பின் மெதுவாகப் படி ஏறினால் ஒன்றும் ஆகாது. அந்த வரி யாரோ எப்போதோ ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் படியெடுத்தது. அதைப் படிப்பவர் வீட்டில் கழிவறை எந்தத் தளத்தில் இருக்கும் என்று எழுதியவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

ஒன்பது மணிக்கு அடிவயிறு கனத்தது. வாயு என்று மனைவி ஓம வாட்டர் கொடுத்தார். பத்தரைக்கு வியர்த்தது. மருமகள்தான், "மாமா, பாத்ரூம் எப்போது போனீர்கள்?" என்று நேராகக் கேட்டவர். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு, தாளில் இருந்த எண்ணை அழைத்தார். அது பகல் நேர முன்பதிவு எண். மணி அடித்து ஓய்ந்தது. ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரவு முழுதும் அவசரப் பிரிவு இயங்கும் இடம், சிறுநீர்க் குழாய் போடுவது அங்கே அன்றாட வேலை. ஆனால் தாளில் "எங்கள் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளவும்" என்று இருந்ததால் அதைத் தாண்டிக் கீழ்ப்பாக்கம் வரை வந்தார்கள்.

குழாய் போட்டவுடன் வடிந்தது 920 மில்லி. சாதாரணமாக 300, 400 மில்லியிலேயே போக வேண்டும் என்ற உந்துதல் வந்துவிடும். 600-ஐத் தாண்டிப் பல மணி நேரம் இழுபட்டால் சிறுநீர்ப்பையின் தசை துவண்டு, மரப்பு தெளிந்த பிறகும் தானாகச் சுருங்க மறுக்கும். "இப்போதுதான் உயிர் வந்தது" என்றார்.

பிந்தைய நாட்கள்

குழாயோடுதான் வீட்டுக்குப் போனார், 3 நாளைக்கு. இரவில் டாம்சுலோசின் மாத்திரை. இது புராஸ்டேட் பகுதித் தசையைத் தளர்த்தும். கூடவே எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தையும் இறக்கும். அந்தப் படிக்கட்டை நினைத்து, படுக்கும் முன் சாப்பிட வேண்டும், எழுந்ததும் கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும் என்று இம்முறை தமிழில் எழுதிக் கொடுத்தோம். கீழே சரக்கு அறையில் எண்ணெய் டின்களை ஒதுக்கிவிட்டு ஒரு கட்டில் போட்டார்கள். மருத்துவமனை செய்யாத ஏற்பாட்டை மகன் அரை மணி நேரத்தில் செய்துவிட்டார்.

மருமகள் எழுதிவைத்த குறிப்பு என்னிடம் இருக்கிறது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறம், பென்சிலில்: மணி, மாத்திரை, பையில் எத்தனை மில்லி, காலைச் சர்க்கரை. ஓரிடத்தில் "டிரமடால் — வாந்தி — நிறுத்தியாச்சு". அதற்கு எதிரே அடுத்த நாள், "மலம் போகவில்லை". எங்கள் கோப்பில் இவ்வளவு ஒழுங்கான பக்கம் ஒன்றுகூட இல்லை.

அந்த டிரமடால் பற்றி. வலி வந்தால் பாரசிட்டமால், தாங்காவிட்டால் டிரமடால் என்று எழுதியிருந்தார்கள். அவர் பாரசிட்டமாலை ஒதுக்கிவிட்டு, வலி உச்சிக்குப் போன பிறகு நேராகப் பெரிய மாத்திரைக்குத் தாவினார். முதல் இரண்டு மூன்று நாள் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் தவறாமல் பாரசிட்டமால் எடுத்துக்கொண்டிருந்தால் இந்தத் தாவல் தேவைப்பட்டிருக்காது. டிரமடால் குமட்டலையும் மலச்சிக்கலையும் தரும், சிறுநீரையும் தடுக்கும். அவருக்கு மூன்றுமே ஆகாதவை. ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைச் சர்க்கரையும் டெல்மிசார்டனும் உள்ளவருக்குச் சிறுநீரகத்தை நினைத்துத் தவிர்த்ததில் எனக்கு மறுப்பில்லை. இசப்கோல், வாழைப்பழம், நிறையத் தண்ணீர் என்று மலச்சிக்கல் நாலாம் நாள் தீர்ந்தது. முக்கி முக்கிப் போனால் தையலுக்குத்தான் கேடு.

மூன்றாம் நாள் காலை விதைப்பை கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. வீடே கலங்கிவிட்டது. வெட்டிய இடத்து ரத்தம் தோலுக்கடியில் கீழே இறங்கித் தேங்குவதுதான் அது. ஆண்களுக்குத் தொடை இடுக்கு அறுவைக்குப் பின் அடிக்கடி வருவது, இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காலைப் பதற்றம் மிச்சம். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ், மணிக்கு மணி பெரிதாகும் இறுக்கமான வீக்கம், நிற்காத வாந்தி, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் என்றால்தான் ஓடி வர வேண்டும்.

உறவுக்காரர்கள் வந்து கத்திரிக்காய் கூடாது, மீன் கூடாது, புண் சீழ் வைக்கும் என்றார்கள். ஒரு வாரம் ரசம் சாதம்தான். புண் ஆறப் புரதம் வேண்டும். காசிமேட்டு மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வீட்டில் அதை விலக்கியதுதான் எனக்கு ஆற்றாமை. முட்டையும் பருப்பும் மீனும் சாப்பிடச் சொன்ன பிறகு மனைவி அரை மனதோடு வஞ்சிரம் குழம்பு வைத்தாராம். குளியல் 48 மணி நேரத்துக்குப் பின் தாராளமாக.

குழாயை எடுத்த அன்று 350 மில்லி போனார். ஸ்கேனில் மிச்சம் மிகக் குறைவு. பத்தாம் நாள் கல்லாவில் உட்கார்ந்தார். மூட்டை தூக்க அறுவை மருத்துவர் 6 வாரம் என்றார். வலி இடம் கொடுக்கும் அளவுக்குச் சீக்கிரமே வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்பதே 2018-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல். ஆனால் 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கும் ஒரு வீட்டுக்கு நானும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருப்பேன்.

கூட்டத்தில் நடந்த வாதம்

60 வயது தாண்டிய ஆண்களை இனி இரவு தங்கவைத்துவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. எனக்கு ஒப்புதல் இல்லை. ஓர் இரவு தங்கினால் அடைப்பு மருத்துவமனையில் வந்திருக்கும், அவ்வளவே, வராமல் இருந்திருக்காது. இதே வழிகாட்டுதல்கள் கீறித் தைக்கும் ஹெர்னியா அறுவைக்கு, பழக்கமுள்ள கைகளில், அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் முறையைப் பரிந்துரைக்கின்றன. அதில் சிறுநீர் அடைப்பு மிகக் குறைவு. நம் ஊரில் அது பரவாததற்குக் காரணம் அறிவியல் அல்ல. விழித்திருக்கும் நோயாளியிடம் பேசிக்கொண்டே, அடுக்கடுக்காக மருந்தைச் செலுத்தி, மென்மையாகக் கையாள வேண்டும். முதுகில் ஒரு ஊசி போட்டால் அறுவை செய்பவருக்கு அந்தப் பொறுமை தேவைப்படாது.

விவாதம் சூடாகவே போயிற்று. கடைசியில் சில மாற்றங்களுக்கு எல்லோரும் உடன்பட்டார்கள். சிறுநீர்க் கேள்வியை நோயாளி தனியாக இருக்கும்போது கேட்பது. வெளியேறும் முன் அளவுக் குவளையில் பிடிக்கச் சொல்வது, ஐயமிருந்தால் ஸ்கேன். பட்டினி விதியை முன்பதிவு மேசையிலிருந்து பிடுங்கி, முறை நேரம் தெரிந்த செவிலியரிடம் கொடுப்பது. தமிழ்த் தாள், அதில் இரவில் எடுக்கப்படும் எண்ணும், நோயாளியின் வீட்டுக்கு அருகில் உள்ள அவசரப் பிரிவின் பெயரும். இரவு 9 மணிக்கு வார்டிலிருந்து ஒரு தொலைபேசி. வீட்டைப் பற்றிய கேள்விகள் அரைப் பக்கம்: எத்தனாவது மாடி, கழிவறை எங்கே, இரவில் கூட இருப்பது யார். இந்த அரைப் பக்கத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "இதெல்லாம் சமூகப் பணியாளர் வேலை" என்றார் மூத்தவர் ஒருவர். எங்களிடம் சமூகப் பணியாளர் இல்லை என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

பின்தொடர் பரிசோதனையில் இடது பக்கத்திலும் சிறிய ஹெர்னியா தெரிந்தது. டாம்சுலோசின் தொடர்கிறது, சிறுநீர் வேகம் தேறியிருக்கிறது. அடுத்த அறுவையை இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதாகவும், கூட மகன் வருவதாகவும், சரக்கு அறைக் கட்டிலை அப்படியே வைத்திருப்பதாகவும் பேசியாகிவிட்டது. தேதி மட்டும் குறிக்கவில்லை. பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்கிறார்.